கழுத்துப் பட்டிக்குள் சிவப்பு நூல்

அன்று மதியம் சலவைக்கடையின் பின்னறையில் இருந்தவர்கள்: கடையை நடத்தும் அக்கா. வேன் ஓட்டும் அவளுடைய தம்பி. அலுவலகத்தில் பாதி நாள் விடுப்புச் சொல்லிவிட்டு வந்த, வந்ததிலிருந்து கைப்பையை மடியிலிருந்து இறக்காத தம்பி மனைவி. எல்லோரும் 'பெட்டி' என்று கூப்பிடும் இஸ்திரிக்காரர். அவர் அந்தக் குடும்பத்தில் சேர்த்தி இல்லை, ஆனால் அங்கே நடந்த எல்லாச் சண்டைக்கும் சாட்சி. மாடியில் வாடகைக்கு இருக்கும் நான். கூரை ஒழுகுகிறது என்று சொல்ல இறங்கிவந்தவனை, "இருங்க, வெளியாள் ஒருத்தர் இருக்கட்டும்" என்று அக்கா உட்காரவைத்துவிட்டாள். பிறகு அம்மா.

அம்மாவைப் பற்றித்தான் பேச்சு. அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை.

அம்மாவை முதியோர் இல்லத்தில் விடுவதா, இங்கேயே வைத்துக்கொள்வதா என்பதுதான் கேள்வி. இல்லத்தில் ஒரு கட்டில் காலியாக இருந்தது. மாலைக்குள் பதில் சொல்லாவிட்டால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று இல்லத்தைக் கவனிக்கும் மேட்ரன் சொல்லியிருந்தாள்.

வெளியே விடாத மழை. மழை நாளில் சலவைக்கடையின் பின்னறை ஒரு காடு. சுவருக்குச் சுவர் கட்டிய கயிறுகளில் ஈரப் போர்வைகள் தரையைத் தொடத் தொங்கின. சோப்பும் ஈரமும் சேர்ந்த வாடை மூக்கில் ஏறிக்கொண்டது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டுமென்றால் போர்வையை விலக்கித்தான் பார்க்க வேண்டும். தம்பி ஒரு தடவையும் விலக்கவில்லை. போர்வைக்குப் பின்னால் இருந்தபடியே பேசினான்.

"போன மாசம் அங்க இருந்தப்ப அம்மா சாப்டுச்சுக்கா. நான் கண்ணால பாத்தேன்."

"நீ பாக்கறது தெரியாதா. வேன்ல உக்காந்துட்டு கண்ணாடி வழியா பாப்ப. இறங்கி வந்து ஒரு நாள் குளிக்க வச்சுப் பாரு."

"நான் குளிக்க வைக்க முடியுமா? அம்மா கூச்சப்படும்."

"அம்மாவுக்குக் கூச்சம் போயி ரொம்ப நாளாச்சுடா. உனக்குத்தான் இருக்கு."

பெட்டி சிரித்துவிட்டார். பிறகு சிரித்ததற்கு ஒரு காரணம் வேண்டும் என்பதுபோல, "நான் ஒண்ணு சொல்லட்டா?" என்றார். "முதலாளியம்மா தினம் காலைல என்னைப் புதுசா வேலை கேட்டு வந்தவன்னு நெனச்சுக்கறாங்க. 'எங்க, ஒரு சட்டைக்கு இஸ்திரி போட்டுக் காட்டு'ங்கறாங்க. நானும் போட்டுக் காட்டறேன். காலரைத் திருப்பிப் பாத்துட்டு, 'சுமார்தான், நாளைக்கு வந்து பாரு'ன்னு அனுப்பிடறாங்க. தலை நரைச்சுப்போச்சு, இன்னும் வேலை கிடைச்சபாடில்ல."

அம்மாவும் சிரித்தாள். எதற்கென்று தெரிந்து சிரித்தாளா, எல்லோரும் சிரித்ததால் சிரித்தாளா என்று சொல்ல முடியாது. சுவரோரம் போட்ட நாற்காலியில் உட்கார்ந்து, தன் மடியில் இருந்த நைட்டித் துணியையே நான்காக மடித்து, பிரித்து, மீண்டும் மடித்துக்கொண்டிருந்தாள்.

இந்தக் கடையை உண்டாக்கியவள் அவள்தான். கடையின் முன்பக்கம் துணி வாங்கும் மேசை, நடுவில் மெஷின்களும் பாய்லரும், பின்பக்கம் வீடு. புருஷன் இருந்த காலத்திலும் கடையை அவள்தான் நடத்தினாள். அவன் பெயர்ப்பலகையில் இருந்தான். ஊரில் பல சலவைக்கடைகள் துணியைத் தொலைத்துவிட்டு மன்னிப்புக் கேட்கும். இங்கே தொலைந்ததில்லை. வரும் துணிக்கெல்லாம் கழுத்துப் பட்டிக்குள்ளோ ஓரத்திலோ நூலால் ஒரு குறி போட்டுவிடுவாள். தங்கும் விடுதிக்கு நீலம். முடிவெட்டும் கடைத் துண்டுகளுக்குப் பச்சை. முதியோர் இல்லத்துக்குச் சிவப்பு, இரண்டு பெருக்கல் குறி பக்கத்தில் பக்கத்தில். எத்தனை துவைத்தாலும் பிரியாத தையல். இல்லத்தில் இருக்கும் ஒவ்வொருவருடைய உடுப்பிலும் அம்மாவின் கை இருந்தது.

இன்னொரு சட்டமும் அவள் போட்டதுதான். வாடிக்கையாளர் துணியை நம் உடம்பில் போடக்கூடாது. முகம் துடைக்கக்கூட எடுக்கக்கூடாது. எவனோ ஒருத்தன் விடுதிக்காரர் ஒருவரின் சட்டையைப் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போய்வந்தான் என்று அவனை அன்றைக்கே நிறுத்தியவள்.

மறதி நோய் நூலில்தான் ஆரம்பித்தது. இல்லத்துத் துணிக்கு நீலம் போட்டாள். விடுதிக்கு இல்லத்துப் போர்வைகள் போயின. பிறகு துவைத்ததையே மறுபடி துவைத்தாள். ஒரு நாள் பாய்லரின் நீராவிக் குழாயைத் திறந்துவிட்டு, நீராவிக்குள் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். அன்றிலிருந்து அக்கா அவளைக் கடைப்பக்கம் விடவில்லை. எப்போதும் இடுப்பில் தொங்கும் சாவிக்கொத்தையும் வாங்கிக்கொண்டாள். அம்மாவுக்கு மிஞ்சியது சுவரோர நாற்காலி. 'தொடாதம்மா', 'அங்க போகாதம்மா', 'உக்காரும்மா.' காலையிலிருந்து இரவு வரை மாடியில் எனக்குக் கேட்டது இந்த மூன்றும்தான். நடுநடுவே அம்மாவின் குரல்: "என் சாவி எங்க?"

"போன மாசம் நடந்தது நடந்துபோச்சு," என்றாள் தம்பி மனைவி. "அதையே நெனச்சுட்டு இருக்காதீங்க அண்ணி. அதுலயும் ஒரு நல்லது இருக்கு."

"என்ன நல்லது?"

"அத்தை அங்க தூங்குனாங்களே."

போன மாதமும் இப்படித்தான் மழை. அம்மா ஒரே நாளில் தன் நைட்டிகள் எல்லாவற்றையும் அசுத்தம் பண்ணிவிட்டாள். துவைத்துப் போட்டவை காயவில்லை. அம்மா குளிரில் நடுங்கிக்கொண்டு நின்றாள். வேறு வீடாக இருந்தால் போர்வையைச் சுற்றி உட்காரவைத்திருப்பார்கள். இந்த வீட்டில் அடுத்தவர்களின் காய்ந்த துணி கூரை வரை அடுக்கியிருந்தது. அக்கா இல்லத்து மூட்டையிலிருந்து ஒரு நைட்டியை உருவி அம்மாவுக்குப் போட்டுவிட்டாள். நாளைக்குத் துவைத்துச் சேர்த்துவிடலாம். யாருக்குத் தெரியப்போகிறது. சலவைக்கடைக்காரிக்கு மட்டுமே வரக்கூடிய தப்பு அது.

பொழுது சாயும் நேரத்தில் தம்பி மூட்டை ஏற்றக் கதவைத் திறந்து வைத்திருந்தபோது அம்மா வெளியே போய்விட்டாள். பஸ் நிறுத்தத்தில் நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்தவளைப் பார்த்த போலீஸ்காரர் பெயர் கேட்டிருக்கிறார். தெரியவில்லை. கழுத்துப் பட்டியைத் திருப்பிப் பார்த்திருக்கிறார். இரண்டு சிவப்புப் பெருக்கல் குறி. இல்லத்துக் கிழங்கள் அடிக்கடி வெளியே போய்விடுவதால் அந்தக் குறி அவருக்குப் பழக்கம். நேராகக் கொண்டுபோய் இல்லத்தில் விட்டுவிட்டார். அங்கே ஆள் மாறும் நேரம். வாங்கிக்கொண்டவள் வேலைக்குப் புதுசு. இல்லத்தின் இன்னொரு கட்டடத்தில் இருப்பவளாக்கும் என்று நினைத்து, உலர்த்தி, சூடாகப் பால் கொடுத்து, முந்தைய நாள் காலியான கட்டிலில் படுக்கவைத்துவிட்டாள்.

அன்று ராத்திரி முழுக்க நாங்கள் சாக்கடையைப் பார்த்தோம், ரயில் பாதையைப் பார்த்தோம், ஆஸ்பத்திரியைப் பார்த்தோம். விடிந்ததும் தம்பி வேறு வழியில்லாமல் இல்லத்து மூட்டையைக் கொண்டுபோனான். யார் செத்தாலும் மூட்டை போய்ச்சேர வேண்டும். அங்கே துணி அறையில் அம்மா நின்று தலையணை உறைகளை மடித்துக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும், "வண்டிக்காரா, நேத்தே வரவேண்டிய மூட்டை இது, எங்க போயி ஊர் சுத்திட்டு வர?" என்று கேட்டாள்.

மேட்ரன் வெட்கப்பட்டு நூறு தடவை மன்னிப்புக் கேட்டாளாம். வேனில் ஏற்றியபோது அம்மா அழுதாள். வேலை பாதியில் நிற்கிறது என்றாள். அதற்குப் பிறகு தினம் காலையில் வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு, வேலைக்கு நேரமாச்சு, திறந்துவிடு என்று நின்றாள்.

"ஒரு ராத்திரி தூங்குனா போதுமா?" என்றாள் அக்கா. "பொண்ணு வீட்ல இருக்கும்போது அடுத்தவ கையால சாப்பிடணும்னு என்ன தலையெழுத்து அவளுக்கு?"

"நீங்க கடைசியா எப்ப தூங்குனீங்க அண்ணி?"

"அதப் பத்தி இப்ப யாரு கேட்டா?"

"நான்தான் கேக்கறேன். கண்ணாடில மூஞ்சிய பாத்தீங்களா? நீங்க படுத்துட்டா அத்தையை யாரு பாப்பா? இவரா?" போர்வையைக் காட்டினாள். போர்வைக்குப் பின்னால் தம்பி அசையவில்லை. "இவருக்கு அவரோட சாக்ஸே எங்க இருக்குன்னு தெரியாது."

"அதுக்குத்தான் நீ இருக்கியே," என்றான் தம்பி.

"பாத்தீங்களா. அத்தைக்காவது நோய். இவருக்கு என்ன கேடு?"

பெட்டி எழுந்துபோய் எல்லோருக்கும் டீ போட்டுக்கொண்டு வந்தார். அம்மாவுக்குப் பாதி டம்ளர், ஆறவைத்து, கூட ஒரு ரொட்டி. அம்மா ரொட்டியை டீயில் நனைத்து, கரைந்து விழும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா போய்க் கரண்டியால் அதை எடுத்து ஊட்டினாள். அம்மா வாயை இறுக மூடிக்கொண்டாள். அக்கா கெஞ்சவில்லை. கரண்டியைப் பிடித்தபடி பேசாமல் காத்திருந்தாள். அந்தக் காத்திருப்பில் பழக்கம் தெரிந்தது. ஒரு நாளில் இப்படி எத்தனை கரண்டி என்று எனக்குத் தோன்றியது. அம்மா கடைசிவரை வாயைத் திறக்கவில்லை.

"அங்க போனா கட்டிப் போட்டுடுவாங்க," என்றாள் அக்கா, கரண்டியைத் திரும்ப வைத்துவிட்டு. "மாத்திரையக் குடுத்துப் படுக்கப் போட்டுடுவாங்க. வர துணிய வச்சே எனக்குத் தெரியும். எந்தப் போர்வை எத்தனை நாள் மாத்தாம கிடந்ததுன்னு நான் மோந்து பாத்தே சொல்லிடுவேன்."

"இந்த இல்லத்துத் துணி எப்படி இருக்கு?" என்று கேட்டார் பெட்டி.

அக்கா பக்கத்தில் தொங்கிய போர்வையின் ஓரத்தைப் பிழிந்தாள்.

"சொல்லும்மா. நாம ரெண்டு பேரும்தான பிரிக்கறோம். எப்படி இருக்கு?"

"தினம் மாத்தறாங்க," என்றாள் அக்கா. சொல்லப் பிடிக்காமல் சொன்னாள்.

"அப்பறம் என்ன?"

"அப்பறம் என்னன்னா, அவ எங்கம்மா."

போர்வைகளிலிருந்து தண்ணீர் சொட்டியது. அக்கா தரையில் உட்கார்ந்தாள். இடுப்பில் தொங்கிய சாவிக்கொத்து தரையில் பட்டுச் சத்தம் போட்டது. சத்தம் கேட்டதும் அம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"நேத்து நான் இவளை அடிச்சேன்," என்றாள் அக்கா.

தம்பி அப்போதுதான் போர்வையை விலக்கினான்.

"விடுதிக்குப் போகவேண்டிய போர்வை எல்லாம் இஸ்திரி போட்டு அடுக்கி வச்சிருந்தோம். பெட்டி அண்ணன் அப்பதான் கிளம்புனாரு. நான் மெஷினைக் கழுவிட்டு வந்து பாக்கறேன், அடுக்கு மேல ஏறி உக்காந்து ஒண்ணுக்கு இருந்துட்டா. எல்லாம் போச்சு. இறங்குன்னேன். இறங்கல. என் சாவியக் குடுடி திருட்டு நாயேன்னா. அடிச்சுட்டேன். கன்னத்துல. ஒண்ணு இல்ல. எத்தனைன்னு தெரியல."

"சரி விடுக்கா," என்றான் தம்பி. "கோவம் யாருக்குத்தான் வராது."

"நீ வாய மூடு. நான் இன்னும் முடிக்கல." அவள் குரல் உயரவில்லை. "அவ அழல. திருப்பி அடிக்கல. இப்படிக் கையத் தூக்கி மூஞ்சிய மறைச்சுக்கிட்டு, ரகசியம் மாதிரி, 'குழந்தை தூங்குது, அது முன்னாடி அடிக்காதீங்க'ன்னா."

தம்பிக்கு அது புரியவில்லை. முகத்தில் தெரிந்தது. அவன் பிறந்து நடக்கும் முன்பே அப்பா போய்ச்சேர்ந்துவிட்டார். பெட்டி தலையைக் குனிந்துகொண்டார்.

"அப்பாவாடா நான்?" என்றாள் அக்கா. "என்னை அப்பான்னு நெனச்சுட்டா. அந்த ஆளு அடிக்கறப்பல்லாம் இதையேதான் சொல்லுவா. நான் தூங்குவேன்னு நெனச்சுப்பா. நான் ஒரு நாளும் தூங்குனதில்ல. பாய்க்குள்ள கண்ண மூடிட்டுக் கேட்டுட்டே கெடப்பேன். பெரியவளானதும் இவளை எவனும் தொட விடமாட்டேன்னு சொல்லிப்பேன். கல்யாணமே வேண்டாம்னு இவகூடவே இருந்தேன். கடைசில அந்த ஆளு இடத்துல வந்து நான் நிக்கறேன்."

தம்பி மனைவி கைப்பையை முதல் தடவையாகத் தரையில் வைத்தாள். எழுந்துபோய் அக்கா பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. நல்லவேளை.

கொஞ்ச நேரம் கழித்து அக்கா தம்பியிடம், "வேனை எடு," என்றாள். "மூட்டையை எறக்கி வச்சுட்டு எடு. அவ முன்னாடி உக்காரட்டும்."

அம்மாவின் நைட்டிகள் எல்லாவற்றுக்கும் குறி போட வேண்டும். குறி இல்லாத துணியை இல்லத்தில் வாங்கமாட்டார்கள். அந்த ஏற்பாடே அம்மா அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது. அக்கா சிவப்பு நூல்கண்டை எடுத்துவந்து ஊசி கோத்தாள். முதல் நைட்டியின் கழுத்துப் பட்டியைத் திருப்பி ஒரு பெருக்கல் போட்டாள், இரண்டாவது கோணிக்கொண்டு போனது.

அம்மா நாற்காலியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"யாரு உனக்குத் தைக்கச் சொல்லிக் குடுத்தா?"

"நீங்கதான்."

"நான் இப்படிச் சொல்லிக் குடுக்கமாட்டேனே. இது ரெண்டு துவைப்புக்குத் தாங்காது. கொண்டா."

'தொடாதம்மா' என்று யாரும் சொல்லவில்லை. அக்கா நைட்டியையும் ஊசியையும் நீட்டினாள். அம்மா அதுவரை போட்ட தையலைப் பல்லால் கடித்துப் பிரித்தாள். நூலை எச்சில் தொட்டு முறுக்கினாள். பிறகு அந்த விரல்கள், ரொட்டியை வாய்க்குக் கொண்டுபோக மறந்த அதே விரல்கள், இரண்டு பெருக்கல்களைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, உள்பக்கம் முடிச்சிட்டு, நூலை அறுத்தன. அடுத்ததை எடுத்தாள். அதற்கடுத்ததை. தன் நைட்டி என்று அவளுக்குத் தெரியவில்லை. "இல்லத்துத் துணி இன்னிக்குக் கொஞ்சமாத்தான் வந்திருக்கு," என்றாள். "யாரோ போயிட்டாங்க போல."

பெட்டி வெளியே போய் மழையில் நின்றார்.

தம்பி மனைவி கடையைப் பார்த்துக்கொள்ள நின்றுவிட்டாள். வேனில் அக்காவோடு நானும் பின்னால் ஏறிக்கொண்டேன். ஏன் என்று கேட்காதீர்கள். இறங்கு என்று யாரும் சொல்லவில்லை. அம்மா முன் இருக்கையில் உட்கார்ந்து கடைகளின் பெயர்ப்பலகைகளை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டு வந்தாள். மூன்றாவது பலகைக்குப் பிறகு எழுத்துகளை விட்டுவிட்டாள்.

மேட்ரன் உயரமானவள், சுற்றி வளைத்துப் பேசாதவள். கட்டிலைக் காட்டினாள். ஜன்னலோரம். பக்கத்துக் கட்டிலில் ஒருத்தி வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அம்மா கட்டிலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வராந்தாவில் நேராக நடந்து, யாரும் வழி காட்டாமலே துணி அறைக்குப் போனாள். நாங்கள் பின்னால் போனோம்.

"இங்க இருக்கலாமா?" என்று கேட்டாள் அக்கா. "தடுக்கமாட்டீங்களா?"

"துணி அறைல பாய்லர் இல்ல, கத்திரிக்கோல் இல்ல," என்றாள் மேட்ரன். "மடிச்சதப் பிரிச்சு மறுபடி மடிக்கட்டும். எங்களுக்கு ஒண்ணும் குறையாது. யாராவது ஒருத்தர் கூட இருப்போம்."

"சாப்பிட மறந்துடுவா. வாயத் தொறக்க மாட்டா. அவசரப்படுத்துனா துப்பிடுவா."

"சரி."

"ராத்திரி எந்திரிச்சு சாவி கேப்பா."

"சரிம்மா."

"திட்டுவா. கெட்ட வார்த்தையெல்லாம் வரும். அவ அப்படிப்பட்டவ இல்ல."

"இங்க எல்லாருமே அப்படிப்பட்டவங்க இல்ல," என்றாள் மேட்ரன். "நீங்க எதாவது பண்ணிட்டமேன்னு நெனச்சுட்டு வரீங்கன்னு மூஞ்சியிலயே தெரியுது. இங்க கொண்டுவந்து விடற எல்லாரும் அப்படித்தான் வருவாங்க. நான் எதுவும் கேக்கறதில்ல."

அக்கா அம்மாவின் பக்கத்தில் போய் நின்று ஒரு போர்வையின் மறுமுனையைப் பிடித்தாள். இருவரும் இழுத்து உதறினார்கள். எதிரெதிரே நடந்து வந்து முனைகளைச் சேர்த்தார்கள். அம்மாவின் விரல்கள் அக்காவின் விரல்களிலிருந்து முனையை வாங்கிக்கொண்டன. விலகினார்கள், மறுபடி வந்தார்கள். இதை அவர்கள் ஆயிரம் தடவை செய்திருப்பார்கள். நாலைந்து போர்வை ஆனதும் அம்மா நின்று ஜன்னலைப் பார்த்தாள். வெளிச்சம் மங்கியிருந்தது.

"போதும்," என்றாள். "மத்ததை நாளைக்குப் பாக்கலாம். இஸ்திரிப் பெட்டி ஆறிடுச்சா?"

"ஆறிடுச்சு."

"மெஷினெல்லாம் அணைச்சாச்சா?"

"அணைச்சாச்சு."

அம்மா இடுப்பைத் தடவினாள். அங்கே எதுவும் இல்லை. முகம் கலங்க ஆரம்பித்தது. அக்கா மேட்ரனைப் பார்த்தாள். மேட்ரன் சுவரில் மாட்டியிருந்த துணி அறைச் சாவியை எடுத்து அம்மாவின் கையில் வைத்தாள். இன்னொரு சாவி தன்னிடம் இருப்பதை எங்களுக்குக் காட்டினாள்.

அம்மா சாவியை இறுகப் பிடித்துக்கொண்டாள். தோள்கள் நிமிர்ந்தன. என்னையும் தம்பியையும் கையசைத்து வெளியே அனுப்பினாள். மேட்ரன் சுவரோரம் ஒதுங்கி உள்ளேயே இருந்துகொண்டாள். எங்களில் அக்கா மட்டும் நகராமல் நின்றாள்.

"நீ என்ன நிக்கற? கிளம்பு. வேலை முடிஞ்சுபோச்சு."

"இன்னும் கொஞ்ச நேரம் இருக்கேனே."

"ராத்திரி வேலைக்கு நான் யாரையும் வச்சுக்கறதில்லம்மா. மூஞ்சியப் பாரு, தூங்கி எத்தன நாளாச்சோ. போ. போயித் தூங்கு." அம்மா கதவுப் பக்கம் அவளை லேசாகத் தள்ளிக்கொண்டு வந்தாள். "நான் பூட்டிட்டு உள்ள போயிடுவேன். என் பொண்ணு தூங்கியிருக்க மாட்டா. நான் வர வரைக்கும் கண்ண மூடிட்டுத் தூங்கற மாதிரியே கெடப்பா. எனக்குத் தெரியும்."

அக்கா வாசலைத் தாண்டி வெளியே வந்து நின்றாள். திரும்பி ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள்.

அம்மா கதவைச் சாத்தினாள். உள்ளே சாவி இரண்டு சுற்றுச் சுற்றியது. பிறகு, கடையில் எப்போதும் செய்வதுபோல, பூட்டு விழுந்ததா என்று கதவை ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள்.